அவள் எழுதிய கடிதம் உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: என் அக்கா மகள் பத்து நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். வயது 17 வருடம் 4 மாதம். அப்பா அடிக்கிறார், மேலே படிக்க விடவில்லை என்று தானாகவே பஸ் ஏறி வந்துவிட்டாள். பூர்வீகச் சொத்து விஷயத்தில் அக்கா வீட்டுக்காரர் எங்களை அவமானப்படுத்தியது சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும். இப்போது போலீசுக்குப் போவேன் என்று மிரட்டுகிறார். 'என் சொந்த விருப்பத்தில் சித்தி வீட்டுக்கு வந்தேன்' என்று அவளிடம் எழுதி வாங்கி, நோட்டரி முத்திரையும் போட்டு வைத்திருக்கிறேன். போதும்தானே?

பதில்: போதாது. சொத்துத் தகராறை இதோடு கலக்காதீர்கள். கலந்தால், பழி வாங்கத்தான் பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றாகிவிடும்.

ஆள்கடத்தல் பற்றியது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 137-வது பிரிவு. அது பார்ப்பது பெற்றவர்களின் சம்மதத்தை. 18 முடியாத பெண்ணின் சம்மதம் அங்கே கணக்கில் வராது. நோட்டரி முத்திரை அதை மாற்றாது. தண்டனை ஏழு ஆண்டு வரை.

உங்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அவள் தானாக வந்தாள் என்பது. வரதராஜன் வழக்கில் 1964-ல் உச்ச நீதிமன்றம், 18-ஐ நெருங்கிய, விவரம் தெரிந்த பெண் தானே வீட்டை விட்டு வந்தாள் என்று சொல்லி, அவளோடு போனவரை விடுதலை செய்தது. ஆனால் பின்னால் வந்த ராஜாராம் வழக்கில், பேசிப் பேசி மனதைக் கலைத்திருந்தாலே குற்றம்தான் என்றது.

முதல் தீர்ப்பை மட்டும் நம்பி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்சி அவர்களுடைய போனிலேயே இருக்கும். 'கிளம்பி வா, நான் படிக்க வைக்கிறேன்' என்று ஒரு வாட்ஸ்அப், டிக்கெட்டுக்கு அனுப்பிய பணம், பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டி வந்தது. இதில் ஒன்று இருந்தாலும் 'தானாக வந்தாள்' என்ற வாதம் ஆட்டம் கண்டுவிடும். இப்போது பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள்; அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். அப்புறம், 'அவள் இங்கே இல்லை' என்று பெற்ற தாயிடமே பொய் சொல்வது. அந்த ஒரு பொய்யால் அடைக்கலம் கொடுத்தவர் ஒளித்து வைத்தவர் ஆகிவிடுகிறார். 'உண்மையில் 18 ஆகிவிட்டது, பள்ளியில்தான் வயதைக் குறைத்துப் போட்டார்கள்' என்றும் சிலர் வருவார்கள். முதலில் பார்ப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அடிக்கிறார் என்பது மட்டும்தான். அது உண்மையானால் அவளைத் திருப்பி அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்காக நீங்களாக வைத்துக்கொள்ளவும் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசி, மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் அவளை நிறுத்துங்கள். அவளே போய்ச் சொல்லவும் உரிமை உண்டு. தகுதியான உறவினர் என்று குழுவுக்குத் தோன்றினால் உங்கள் பொறுப்பிலேயே விட்டு உத்தரவு போடலாம். அந்த உத்தரவு கையில் இருந்தால் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

அடி இல்லை, படிப்புச் சண்டைதான் என்றால் சமாதானமாகப் போங்கள். எட்டு மாதம்தான் பாக்கி. 'எங்கள் மகள் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கச் சம்மதிக்கிறோம்' என்று அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மதிப்புள்ள கடிதம் அதுதான். அதற்காகச் சொத்து விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் இறங்கிப் போனாலும் நஷ்டமில்லை.

எந்த வழியானாலும், இன்றைக்கே அவள் உங்களிடம் பத்திரமாக இருக்கிறாள் என்று அக்காவுக்குச் சொல்லிவிடுங்கள். போனில் பேசிவிட்டு, அதையே மெசேஜாகவும் அனுப்புங்கள்.