ஆட்டிசம் குழந்தைங்களோட மூளை நெட்வொர்க் பத்தி கேட்டீங்கல்ல, பதில் இதோ

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 4 வயசு, ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. மூளைல கனெக்‌ஷன் கம்மியா இருக்கும்னு படிச்சதுலேர்ந்து தூக்கமே வரல. வயர் அறுந்த மாதிரியா?

பதில்: இல்லம்மா, எதுவும் அறுந்து போகல. மூளையில ரெண்டு இடத்தோட வேலை ஒரே நேரத்துல சேந்து ஏறி இறங்குதான்னு பாக்குறதத்தான் கனெக்டிவிட்டின்னு சொல்றாங்க, அதுவும் நரம்ப நேரா பாக்கல, MRI ஸ்கேன்ல ரத்தத்துல ஆக்சிஜன் மாறுறத வச்சு போடுற கணக்கு. 2004ல வாக்கியம் புரிஞ்சுக்கிற ஒரு சோதனைல ஆட்டிசம் உள்ளவங்களுக்கு இந்த ஒத்துப்போறது கம்மியா தெரிஞ்சுது, நீங்க படிச்ச பேச்சு பெரும்பாலும் அங்கேர்ந்து வந்ததுதான். ஆனா 2013ல 7லேர்ந்து 13 வயசு குழந்தைங்கள பாத்தப்போ பல இடத்துல அதிகமா இருந்துச்சு!

கேள்வி: சைக்காலஜி ஸ்டூடண்ட் மேடம். ஒண்ணு கம்மிங்குது, ஒண்ணு அதிகம்ங்குது, எதை நம்புறது?

பதில்: வயசு ஒரு காரணம், வளர வளர நெட்வொர்க் மாறுது. இன்னொண்ணு தலை அசையுறது, இத தயவுசெஞ்சு லேசா எடுத்துக்காதீங்க. ஸ்கேன் மெஷினுக்குள்ள தடதடன்னு சத்தம், குழந்தை பாவம் அசையாம படுக்கத்தான் பாக்குது, எச்சில் முழுங்குனா கூட தலை ஒரு மில்லிமீட்டருக்கும் கம்மியா நகரும், அது போதும், தூரத்து இணைப்பு கம்மியாவும் பக்கத்து இணைப்பு அதிகமாவும் பொய்யா காட்டிடும்னு 2012லயே தெளிவாயிடுச்சு. பழைய ஆய்வு பேப்பர் எடுத்தா இந்த அசைவ எப்படி சரி பண்ணாங்கன்னு முதல்ல தேடுங்க.

கேள்வி: அப்ப ஸ்கேன் எடுத்தா ஆட்டிசம் இருக்கான்னு தெரியுமா?

பதில்: தெரியாது. இதெல்லாம் குரூப் சராசரி. ஆட்டிசம்னு முடிவு பண்றது குழந்தையோட நடத்தையையும் வளர்ச்சியையும் பாத்துதான். வலிப்பு மாதிரி வேற சந்தேகம் இருந்து டாக்டர் சொன்னா எடுங்க.

கேள்வி: அக்கா, காது டெஸ்ட் நார்மல். ஆனா நான் கூப்பிட்டா மகன் திரும்பவே மாட்டேங்குறான். அப்பா மேல பாசமே இல்லையோன்னு இருக்கு.

பதில்: அப்படி நினைக்காதீங்க தம்பி, படிக்கவே மனசு கஷ்டமா இருக்கு. மனுஷக் குரல கேக்குற பகுதிக்கும் ஒரு விஷயத்துல சந்தோஷம் தர்ற பகுதிக்கும் நடுவுல இணைப்பு இந்தக் குழந்தைங்களுக்கு கொஞ்சம் பலவீனமா இருந்துச்சுன்னு 2013ல வந்த இன்னொரு ஆய்வு சொல்லுது. அதாவது குரல்னாலே சட்டுனு கவனம் இழுக்குறது மத்த குழந்தைங்க மாதிரி தானா நடக்காம இருக்கலாம், அதுக்கும் பாசத்துக்கும் சம்பந்தம் இல்ல. அடுத்த ரூம்லேர்ந்து கூப்பிடாதீங்க. பக்கத்துல போய் அவன் உயரத்துக்கு உக்காருங்க, அவன் கையில இருக்குற பொருளப் பாத்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, நடுவுல திரும்பச் சொல்லிடாதீங்க. கண்ணப் பாக்க வைக்கணும்னு முகத்தத் திருப்பாதீங்க. உங்க கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் தண்ணி பாட்டில் மேல வைக்கிறானா? அது அவன் பேச்சுதான், உடனே "தண்ணி"ன்னு சொல்லிக் குடுங்க.