முத்திரை இல்லாத பூச்சாடியா? முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: பழம்பொருள் தரகர் ஒருவரிடம் அடர்பச்சை நிறத்தில் கனமான கண்ணாடிப் பூச்சாடி ஒன்று பார்த்தேன். அடியில் பெயர், முத்திரை எதுவும் இல்லை. "இத்தாலியின் முரானோ கண்ணாடி, சான்றிதழும் தருகிறேன்" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: சான்றிதழை முதலில் ஓரமாக வையுங்கள். அதை எழுதியது யார்? பெரும்பாலும் விற்பவர்தான். தன் சரக்குக்குத் தானே சாட்சி சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

வெனிசுக்குப் பக்கத்திலுள்ள தீவு முரானோ. கொஞ்சம் நிறமும் கனமும் இருந்துவிட்டால் தரகர்களுக்கு எல்லாக் கண்ணாடியும் அந்தத் தீவில் செய்ததுதான். இதே மாதிரிப் பொருட்களை செக் நாட்டிலும் சுவீடனிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மலைமலையாகச் செய்திருக்கிறார்கள். முரானோ என்ற பெயர் விலை போகிறது, அவ்வளவுதான். 'வெத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ' (முரானோ கலைக் கண்ணாடி) என்ற ஒட்டியைக் காட்டி ஐம்பதுகளில் செய்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த அடையாளத்துக்கான சட்டமே 1994இல்தான் வந்தது.

பழைய கண்ணாடியில் பெயர் இல்லாதது சந்தேகத்துக்குரிய விஷயமல்ல. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. ஆலைகள் காகித லேபிளை ஒட்டி அனுப்பின. நாலு தடவை கழுவினால் போய்விடும் காகிதம் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதன் பலனை நாம் இன்றுவரை அனுபவிக்கிறோம்.

நிறம் நாட்டைச் சொல்லாது. கோபால்ட்டை எந்த ஊர் உலையில் போட்டாலும் நீலம்தான். புற ஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்திருக்கும். அதைப் பல நாடுகள் செய்தன, இன்றும் செய்கிறார்கள். எனவே அது வயதையும் சொல்லாது.

சரி, கவிழ்த்துப் பாருங்கள். வாயால் ஊதிய பொருளுக்கு வாய்ப்பகுதியைச் சீராக்க, பெரும்பாலும் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்திருப்பார்கள். அதை உடைத்தெடுத்த இடத்தில் விரலில் உறுத்தும் தழும்பு இருக்கும். சில ஆலைகள் அதைத் தேய்த்து வழவழப்பான சிறு குழியாக்கும், சில முழு அடியையும் சமமாக்கும். அமெரிக்காவின் பிளெங்கோ ஆலைப் பொருட்களில் தழும்பு அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். அடுத்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக மெல்லிய கோடு ஓடினால் அது அச்சின் பகுதிகள் ஒன்றுசேர்ந்த இடம்.

இந்தக் கோட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கோடு இருந்தால் இயந்திரத்தில் அழுத்திய மலிவுச் சரக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் வாயால் ஊதியதும் அச்சுக்குள் ஊதியதாக இருக்கலாம். ஈரமான மர அச்சுக்குள் கண்ணாடியைச் சுழற்றிக்கொண்டே ஊதினால் கோடு அழிந்துவிடும். மேற்பரப்பில் மரப்பட்டை போன்ற வடிவம் வேண்டுமென்றால் சுழற்ற முடியாது, வடிவமே அழிந்துவிடும். அதனால் கோடு தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ஒயிட்ஃபிரையர்ஸ் ஆலையில் வடிவமைப்பாளர் ஜெஃப்ரி பாக்ஸ்டர் 1967இல் கொண்டுவந்த மரப்பட்டைப் பூச்சாடிகள் இந்த வகை. பெரும்பாலும் முத்திரையும் கிடையாது. கோட்டைப் பார்த்துவிட்டு "மலிவுதான்" என்று வீட்டிலிருப்பதைத் தரகரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வேண்டாவெறுப்பாக வாங்குவது போல நடிப்பார்.

அப்புறம் தேய்மானம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். பல வருடம் மேசையில் நகர்ந்த பொருளில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், எல்லாத் திசையிலும் சிறு கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் வரிசையாக இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து பொறித்திருந்தால் இன்னும் உஷார்: வைர முனை பேனாவால் யார் வேண்டுமானாலும் நேற்று எழுதியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஆலையை உறுதிப்படுத்த நம்பகமான வழி, ஆலையின் அந்தக் கால விற்பனை அட்டவணையில் (கேட்டலாக்) அதே வடிவம், அதே உயரம், அதே நிறம் மூன்றும் பொருந்துவது. இரண்டு பொருந்தினால் போதாது. ஏலக் கூடங்களோ இந்தச் சிரமம் எடுக்காமல் "முரானோ பாணி" என்று எழுதிவிடும். அந்த இரண்டாவது சொல்லுக்கு 'எங்களுக்குத் தெரியாது' என்றுதான் பொருள்.

தரகரிடம் கேளுங்கள்: எந்த ஆலை, எந்த வருட அட்டவணை, எந்தப் பக்கம்? "முரானோதாங்க" என்பதே திரும்பவும் பதிலாக வந்தால், பெயர் தெரியாத ஒரு பச்சைப் பூச்சாடிக்கு என்ன கொடுப்பீர்களோ அதைச் சொல்லுங்கள்.