தாத்தாவின் நாற்காலி என்ன விலை பெறும்?

கை நீண்ட ஈஸி சேர், தாத்தாவுடையது. அடியில் 'ஜி.ஐ.பி.' என்று முத்திரை. மும்பையின் பழைய சாமான் சந்தையான சோர் பஜாரில் நாலாயிரத்துக்குக் கேட்கிறார்கள். அதே மாதிரி ஒன்றுக்கு அங்கேயே முப்பதாயிரம் சொல்கிறார்கள். எது சரி? - வாசகி, மாட்டுங்கா

இரண்டு விலை இருப்பது சரிதான். ஒன்று வியாபாரி வாங்கும் விலை, மற்றது அவர் விற்கும் விலை. பிரம்பு பின்னுகிற கூலி, கடை வாடகை, விற்கும்வரை முடங்கிக் கிடக்கும் பணம் எல்லாவற்றையும் கழித்துத்தான் வியாபாரி கேட்பார். இருந்தாலும் நாலாயிரம் என்பது உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்ன விலை. வாங்க நினைப்பவரிடமே மதிப்பு கேட்காதீர்கள்.

ஜி.ஐ.பி. என்பது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. அது 1951 நவம்பரில் மத்திய ரயில்வேயோடு சேர்ந்துவிட்டது. ஆகவே முத்திரை நிஜமானால் நாற்காலி அதற்கு முந்தியது என்று நம்பலாம். தாத்தா அதை ரயில்வே ஏலத்தில் எடுத்திருந்து, ரசீதும் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கைச் சட்டத்தின் உட்புறம் பெரும்பாலும் பாலிஷ் ஏறியிருக்காது. தேக்கா, சாயம் பூசிய மட்ட மரமா என்பது அங்கே தெரிந்துவிடும். ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறி இருந்தால் அந்த ஸ்க்ரூ 1930களுக்கு முந்தியதாக இருக்காது. ஒன்றிரண்டு என்றால் பழுது பார்த்திருப்பார்கள், எல்லாமே அப்படி என்றால் யோசிக்க வேண்டும். பிரம்பு புதிதாக இருந்தால் கவலை வேண்டாம், அது தேய்கிற பொருள். காலோ கையோ மாற்றியிருந்தால்தான் விலை இறங்கும்.

விற்பதற்கு முன் பாலிஷ் போட்டுவிடட்டுமா? - செம்பூர்

ஐயோ, வேண்டாம். சுரண்டி எடுத்த பழைய நிறம் திரும்பாது. மறைவான இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். மெலமைன் என்கிற இந்தக் காலத்துச் செயற்கைப் பாலிஷ் என்றால் அசையாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் மகனுக்கு அனுப்பலாமா? - முலுண்ட்

நூறு வருஷம் ஆன கலைப்பொருளையோ கைவினைப் பொருளையோ தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். வயதில் சந்தேகம் இருந்தால் முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் வாங்குங்கள். கப்பல் கூலியைக் கேட்டால் மகனே வேண்டாம் என்பார்.

நாங்கள் மூன்று பேர், நாற்காலி ஒன்று. எப்படிப் பங்கு போடுவது? - வாஷி

மதிப்பீட்டாளரிடம் 'பாகப் பிரிவினைக்கு' என்று சொல்லி, தேதி போட்டு எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸுக்குப் போடும் மதிப்பு, அதே மாதிரி ஒன்றைக் கடையில் போய் வாங்க ஆகும் செலவு. விற்றால் கையில் வருவதைவிடப் பெரும்பாலும் கூடுதல். அதைக் காட்டி அண்ணனிடம் பங்கு கேட்டால் சண்டைதான் வரும். மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கூலி கேட்பவரைத் தவிர்த்து, நிலையான கூலிக்குப் பார்ப்பவரைப் பிடியுங்கள்.