செத்தவரோடு சண்டை போடலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 58. கணவர் தவறிப்போய் சில வருடம் ஆகிறது. ஒரு காதல் நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். கதாநாயகி சரோஜாவுக்கு வயது 54. கணவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான், இங்கே டர்பனிலேயே இருக்கிற ஃபீனிக்ஸில் அவருக்கு இன்னொரு பெண் இருந்தது தெரிய வருகிறது. அப்புறம் சரோஜாவுக்கும் ஒருவர் மேல் பிரியம் வருகிறது. சிரிக்கச் சிரிக்க எழுத ஆசை. ஆனால் மூன்று அத்தியாயம் படித்த கோயில் தோழி, "தாலி அறுத்தவளை வைத்து என்ன கேலி?" என்று கோபித்துக்கொண்டாள். மகள், "ஆயா வயசில் காதலா?" என்கிறாள். இதையெல்லாம் லேசாக எழுதலாமா? எங்கே தப்பு நடக்கும்? கடைசியில் இருவருக்கும் கல்யாணம் செய்து வைக்கலாமா?
— ஒரு வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

தாராளமாக எழுதலாம். சாவு வீட்டில் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற பெண்கள் என்னவெல்லாம் பேசிச் சிரிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் தோழியின் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். வழுக்கி விழுவது சரோஜா. ரசத்தில் சர்க்கரையைப் போடுவது சரோஜா. ஏ.டி.எம். வாசலில் கார்டைத் தலைகீழாகச் செருகிவிட்டு முழிப்பதும் சரோஜாதான். எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவள் யாரைப் பார்த்தும் சிரிப்பதில்லை. இதை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். சுற்றியிருக்கிறவர்களை அவள் கவனிக்கட்டும். அவள் மனசுக்குள் முணுமுணுப்பதைக் கேட்டு நாங்கள் சிரிக்கிறோம்.

அதற்குத் தோதான இடம் ஒன்று உங்களிடம் இருக்கிறது. "முதல் வருடத் திதி நல்லபடியாக முடிந்தது" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அம்மா, அங்கேதான் நாவலே இருக்கிறது! ஹாலில் அவர் படம், சாமந்தி மாலை. மைத்துனர் எழுந்து, "எங்க அண்ணன் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா?" என்று ஆரம்பிக்கிறார். ஃபீனிக்ஸ் சமாசாரம் அந்த ஹாலில் சரோஜாவுக்கு மட்டும்தான் தெரியும். இல்லை, மைத்துனருக்கும் தெரிந்திருக்கட்டும், இன்னும் ருசிக்கும். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அடுத்தது படையல். அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தாக வேண்டும். மட்டன் கறி, உளுந்து வடை, கருவாட்டுக் குழம்பு, ஓரமாக ஒரு கிளாஸ் பிராந்தி. அவருக்குப் பாகற்காய் மட்டும் ஆகவே ஆகாது. முந்தின ராத்திரி சரோஜா தனியாக நின்று இரண்டு கிலோ பாகற்காய் நறுக்குகிறாள். விதையைக்கூட எடுக்கவில்லை. மறுநாள் வடைக்குப் பக்கத்தில் அது குவியலாக இருப்பதைப் பார்த்து மாமியார், "இதை அவன் தொடவே மாட்டானேம்மா" என்கிறார். "கடைசிக் காலத்துல அவர் ருசி மாறிப்போச்சு அத்தை. உங்களுக்குத் தெரியாதது நிறைய இருக்கு."

துரோகம் தெரிய வந்தபோது துரோகம் செய்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதுதான் உங்கள் கதையின் விசேஷம். உயிரோடு இருந்தால் கத்தலாம், கதவைச் சாத்தலாம், அம்மா வீட்டுக்குப் போகலாம். இவள் யாரோடு சண்டை போடுவாள்? படத்தோடுதான் போட வேண்டும். போடட்டும். காலையில் விளக்கேற்றும்போது, "என்ன பார்வை?" என்று படத்தைக் கேட்கட்டும். அழுகையும் அங்கேயே வந்துவிடும், நீங்கள் தனியாக வரவழைக்க வேண்டாம்.

அவளுக்கு எப்படித் தெரிய வருகிறது என்பதை மட்டும் மாற்றுங்கள். கோட்டுப் பையில் காதல் கடிதம் கிடைப்பது அலுத்துப்போன சங்கதி. நம் தென்னாப்பிரிக்கச் சட்டமே இதைவிட நல்ல வழி வைத்திருக்கிறது. இறந்தவருடைய சொத்து 2,50,000 ராண்டுக்கு மேல் போனால், இறந்தவர் சொத்தைக் கவனிக்கிற அரசு அலுவலகமான மாஸ்டர் ஆபீஸில், கடனை அடைத்துச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற எக்ஸிக்யூட்டரை முறைப்படி நியமிக்க வேண்டும். இறந்தவரிடமிருந்து பாக்கி வர வேண்டியவர்கள் வரலாம் என்று அரசிதழிலும் உள்ளூர்ப் பேப்பரிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் பில்லோடு வருகிறார். தவணையில் வாங்கிய வாஷிங் மெஷின், டெலிவரி செய்த முகவரி ஃபீனிக்ஸ். சரோஜா வீட்டு மெஷின் ரிப்பேராகி, அவள் கையால் துவைத்துக்கொண்டிருந்த வருடம் அது. காதல் கடிதத்தைக்கூட அவள் மன்னித்துவிடலாம். அந்த மெஷினை மன்னிக்க மாட்டாள், நானும் மாட்டேன். இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் இருக்கிறது. முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு இங்கே சொத்தும் பொது, கடனும் பொது. அந்தத் தவணைப் பாக்கியைக் கழித்துவிட்டுத்தான் இவளுடைய பாதி இவள் கைக்கு வரும்.

எங்கே தப்பு நடக்கும் என்று கேட்டீர்கள். நான் பயப்படுவது ஒரு விஷயத்துக்குத்தான். கணவரை நீங்கள் முழு அயோக்கியனாக ஆக்கப் பார்க்கிறீர்கள். குடி, அடி, இப்போது ஃபீனிக்ஸ். ஏன் என்று புரிகிறது. அவர் எவ்வளவு மோசமோ, சரோஜா இன்னொருவரை விரும்புவது அவ்வளவு நியாயமாகிவிடும், யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் அப்படி எழுதினால், நல்ல கணவரை இழந்தவளுக்கு மறுபடி ஆசைப்பட உரிமை இல்லை என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. சரோஜா அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காதலிக்க வேண்டாம். அவர் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டவர், இவளுக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர், அதே மனுஷன்தான் ஃபீனிக்ஸுக்கும் போனார். இதை எழுதுவது கஷ்டம். ஆனால் அப்போதுதான் அவள் கோபத்தில் உயிர் இருக்கும். அடிக்கிறவன் செத்தால் நிம்மதிதான் மிஞ்சும், பாகற்காய் நறுக்கத் தோன்றாது.

ஃபீனிக்ஸ் பெண்ணை சீரியல் வில்லியாக்காதீர்கள். புருவத்தைத் தூக்கி, பின்னணி இசையோடு அவள் வர வேண்டாம். ஒரே ஒரு காட்சி போதும். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற இடத்தில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும். அவளும் துக்கத்தில் இருக்கிறாள், ஆனால் அவளிடம் துக்கம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. இது சரோஜாவுக்குப் புரியட்டும், எரிச்சலும் வரட்டும். இருவரையும் தோழிகளாக்கிவிடாதீர்கள், அது ரொம்ப ஓவர்.

இனி "ஆயா வயசு". மகளிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தியாவில் விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-இல். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பலான ட்ரூரோ மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கிற இந்த நேட்டாலுக்கு வந்தார்கள். பெண்கள் குறைவு. தனியாக வந்தவர்களில் புருஷனை இழந்தவர்களும், புருஷன் கைவிட்டவர்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் மறுபடி ஒரு துணையோடு குடும்பம் நடத்திய பாட்டிகளின் வம்சத்தில் நாமும் இருக்கலாம். கௌரவம், நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் கையில் நாலு காசு சேர்ந்த பிறகு வந்த வியாதி. இதை நாவலில் பாடமாக நடத்தாதீர்கள். சரோஜாவின் ஆயாவைப் பற்றி யாரோ ஒரு கிழவி போகிற போக்கில் உளறிவிட்டால் போதும்.

சிரிப்புக்கு நடுவில் வலிக்கிற இடம் ஒன்றே ஒன்று வையுங்கள். தங்கை மகள் கல்யாணத்தில் நலங்கு. மஞ்சள் கிண்ணம் கை மாறி மாறி வருகிறது. சரோஜா கையை நீட்டும்போது பக்கத்தில் இருக்கிற அண்ணி அவள் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து இறக்கிவிட்டு, "நீ உட்காரும்மா, களைப்பா இருப்பே" என்கிறாள். பிரியமாகத்தான் சொல்கிறாள். இதற்கு மேல் அங்கே ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் தோழி இந்தப் பக்கத்தைப் படித்தால் சண்டைக்கு வர மாட்டாள்.

கதாநாயகன் ரிட்டயர்டு டாக்டர், பங்களா, பென்ஸ் கார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. சரோஜாவைக் காப்பாற்ற வந்தவர் மாதிரியே நடக்கிறார். ஜூன், ஜூலையில் சார்டீன் மீன் கரைக்கு வரும்போது ஸ்காட்பர்க், பார்க் ரைனி பக்கம் போயிருப்பீர்கள். வலை இழுக்கிறவர்கள் ஒரு பக்கம். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிற ஆன்டிகள் ஒரு பக்கம். தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் முட்டி மோதுவார்கள். சரோஜாவும் அவரும் அங்கே சந்திக்கட்டும். தலைமுறையாக வலை போடுகிற குடும்பம், முழங்கால் வலி, மனைவியை இழந்து பத்து வருடம், சட்டையெல்லாம் செதில். "நீங்க பிடிச்சிருக்கிறது என் பக்கெட்" என்பதுதான் அவர் அவளிடம் பேசுகிற முதல் வார்த்தை. மறைக்கத் தெரியாத மனுஷன் என்று அவளுக்குப் புரிய அதிக நாள் ஆகாது. ஏமாந்தவளுக்கு அதைவிடக் கவர்ச்சி வேறு என்ன? ஆனாலும் அவள் அவருடைய போனை ஒரு தடவை திருட்டுத்தனமாக எடுத்துப் பார்க்கட்டும். உள்ளே மீன் விலையும் பேரன் போட்டோவும்தான் இருக்கின்றன. சந்தேகம் எளிதில் விடாது, அதை மறைக்காதீர்கள்.

கல்யாணம்? இந்த மாதிரி நாவல் வாங்குகிறவர்கள் கடைசியில் ஜோடி சேர வேண்டும் என்றுதான் காசு கொடுக்கிறார்கள், அவர்களை ஏமாற்றாதீர்கள். ஆனால் மாலை, மேளம், கெட்டிமேளம் என்று முடிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் நோட்டரியிடம் போய்த் திருமண ஒப்பந்தம் எழுதட்டும். எழுதாமல் கட்டினால் மறுபடி எல்லாம் பொதுச் சொத்து. சரோஜாவின் வீடு போய்விடும் என்று அவள் பிள்ளைகளும், படகு போய்விடும் என்று அவர் பிள்ளைகளும் வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1984 சட்டப்படி, வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் தவிர, கல்யாணத்துக்குப் பிறகு பெருகுகிற சொத்தின் மதிப்பில் பங்கு கேட்க வழி உண்டு. இதை அக்ரூவல் என்பார்கள். நோட்டரி அதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அவர் குறுக்கிட்டு, "இவங்க வீட்டு வாஷிங் மெஷினையும் சேர்த்து எழுதுங்க சார், அது இவங்களுக்கு மட்டும்" என்கிறார். எனக்கு இதைவிடப் பெரிய காதல் வசனம் தெரியாது. அப்புறம், கல்யாணம் நடத்தி வைக்கிற ஐயர் அரசாங்கத்தில் பதிவான திருமண அதிகாரிதானா என்று சரோஜா ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணம் செல்லாது என்கிற மாதிரி 1913-இல் நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னபோது, காந்தியோடு சேர்ந்து நம் பெண்கள் ஜெயிலுக்கே போனார்கள். பதிவு செய்யாமல் கோயிலோடு நிறுத்திவிட்டுப் பின்னால் அலைகிறவர்கள் இன்றும் உண்டு.

இது உன் கதையா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள், நானும் கேட்கவில்லை. மகளிடம் முழுதும் எழுதி முடித்த பிறகு கொடுங்கள், பாதியில் கொடுத்தால் ஃபீனிக்ஸ் அத்தியாயத்தை எடுக்கச் சொல்லுவாள். நான் எடுக்கச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயத்தில் கணவர் கனவில் வந்து மன்னிப்புக் கேட்டு ஆசீர்வாதம் செய்கிறாரே, அந்த ஐந்து பக்கத்தையும் கிழித்துப் போடுங்கள்.