மகள் நரம்பியல் படிக்கட்டுமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் மல்லாவியில் வயல் செய்கிறோம். மகள் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இறுதி வருடம். நரம்பியல் நிபுணராகத்தான் வருவேன் என்று நிற்கிறாள். அதற்கு இன்னும் எத்தனை வருடம் செல்லும்? கலியாணத்தை எப்போது செய்வது? படிப்பு முடிய ஊரில் ஒரு டிஸ்பென்சரி போட்டாலே உழைக்கலாமே என்கிறார் இவர். அயலுக்குள் ‘விசர் பார்க்கிற டொக்டரோ’ என்றும் கேட்கிறார்கள். – ஒரு தாய், மல்லாவி.

பதில்: அன்புள்ள சகோதரி,

அயலாருக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மூளை, முண்ணாண், நரம்பு, தசை இவற்றில் வரும் நோய்களைப் பார்ப்பவர் நரம்பியல் நிபுணர். வலிப்பு, பாரிசவாதம், கைநடுக்கம், தீராத தலையிடி எல்லாம் அதற்குள் வரும். மண்டையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்பவர் வேறு, மனநோய் பார்ப்பவர் வேறு. மனநல வைத்தியரைத் தேடிப் போவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வருடக் கணக்கை ஒளிக்க மாட்டேன், அது நீளம்தான். 5 வருடப் படிப்பு, 1 வருட உள்ளகப் பயிற்சி. அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வைக்கும் தெரிவுப் பரீட்சை. அதில் எடுபட்டால் பொது மருத்துவத்தில் எம்.டி. என்ற மேற்பட்டப் பயிற்சி, அதன் முடிவில் இன்னொரு பெரிய சோதனை. அதையும் தாண்டிய பிறகுதான் நரம்பியல் பிரிவில் சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணராகும் முன் பயிற்சியில் இருக்கும் மூத்த வைத்தியர். வெளிநாட்டுப் பயிற்சியும் அதில் சேரும். மருத்துவபீட வாசலை மிதித்த நாளில் இருந்து எண்ணினால் ஏறக்குறைய 15 வருடம். ஆனால் உள்ளகப் பயிற்சி தொடங்கியதில் இருந்து பிள்ளைக்குச் சம்பளம் வரும். உங்கள் வயலை நம்பி அவள் இருக்கத் தேவையில்லை.

இத்தனை வருடமும் அப்படி என்னதான் படிக்கிறோம் என்று கேட்பீர்கள். ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்க்கவும், இசைக்கவையைக் கால்விரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்கவும் படிக்கிறோம். அதைவிட அதிகமாக, நோயாளி சொல்லும் கதையைக் கேட்கப் படிக்கிறோம். எங்கள் துறையில் பாதி நோயை அந்தக் கதைதான் காட்டித் தரும்.

ஒரு பின்னேரம் என்னிடம் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நம்பர் எடுத்து, ஒரு தாய் மகளைக் கூட்டிவந்தார். முல்லைத்தீவுப் பக்கம். பிள்ளை கதைத்துக்கொண்டிருக்கும்போதே விறைத்துப் பார்ப்பாளாம், வாயைச் சப்புவாளாம், ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்து, நடந்தது எதுவும் தெரியாது என்பாளாம். பேய் என்று நூல் கட்டியிருந்தார்கள். ஓர் இடத்தில் ‘மனப் பிரச்சினை’ என்று ஐந்து நிமிடத்தில் துண்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் விடாமல் கேட்கக் கேட்க, அரை மணித்தியாலம் கழித்து, “2009 சண்டையில பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் தலைக்குள்ள இருக்கு, அதுக்கும் இதுக்கும் தொடர்பிருக்காதுதானே” என்றார் தாய். தொடர்பு அதுதான். மண்டையைத் துளைத்த காயத்துக்குப் பிறகு வலிப்பு பல வருடம் கழித்தும் தொடங்கலாம், விழுந்து இழுக்காமல் இப்படிப் பார்வை விறைப்பதாகவும் வரலாம். இரும்புத் துண்டு இருக்கலாம் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கும் அனுப்ப முடியாது, அதன் காந்தம் துண்டை அசைத்துவிடலாம். கேளாமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கலியாணம் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, அதனால் வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும் வல்புரோவேற்றைத் தவிர்த்து வேறு மாத்திரை எழுதினேன், அதுவும் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பதாகப் பார்த்து. வலிப்பு மாத்திரையை வருடக் கணக்கில் போட வேண்டும். மாதா மாதம் பாமசியில் வாங்க வேண்டுமென்றால் மூன்றாம் மாதம் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் திரும்ப வரும்.

இதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். நிபுணரானவர்களும் பெரும்பாலும் அரச சேவையில் இருந்துகொண்டு, கடமை நேரம் முடியத்தான் சனல் செய்கிறார்கள். உழைக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் ஒரு பின்னேரத்தில் எத்தனை நம்பர் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அறுபது பேரைப் பார்க்கலாம். பார்த்தால் அந்தத் தாய் செல் துண்டைச் சொல்லும் முன்பே எழும்பிப் போயிருப்பார். நூறு கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து, காசும் கட்டி, ஐந்து நிமிடம் வாங்கிப் போவது எங்கள் சனத்துக்குச் செய்யும் அநியாயம். நான் பதினைந்துக்கு மேல் எடுப்பதில்லை. வருமானம் குறைவுதான், வீடு நடக்கிறது.

கலியாணத்துக்காகப் படிப்பையோ, படிப்புக்காகக் கலியாணத்தையோ தள்ளிப்போட வேண்டாம். நான் மணம் முடித்து, கைக்குழந்தையோடுதான் எம்.டி. எழுதினேன். முதல் தரம் தவறினேன். இரண்டாம் தரம் என் மாமியார் பிள்ளையைத் தன்னோடு வைத்திருந்தார், அதனால்தான் எழுத முடிந்தது. எனவே சம்பந்தம் பேச வருபவர்களிடம் சோதனை, கொழும்பு, வெளிநாடு மூன்றையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சரி என்பவர்கள் வீட்டுக்கே பிள்ளையைக் கொடுங்கள். உள்ளகப் பயிற்சி முடிந்ததும் மகளை என் கிளினிக்கில் ஒரு கிழமை வந்து இருக்கச் சொல்லுங்கள். பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குக் கிடைக்கும்.