டெஸ்ட் விழுந்தது குறையாலா, மெஷின் பெயராலா? வாசகர் கேள்விகள்

என் லேப்டாப்பில் பாஸ் ஆகும் புரோகிராம் டெஸ்ட், பில்ட் மெஷினில் (புரோகிராமைத் தொகுத்துச் சோதிக்கும் கணினியில்) ஃபெயில் ஆகிறது. ஏன்? (பீடோர்)

லாக் (டெஸ்ட் ஓடியதன் பதிவு) எங்கே? எந்த வரியில் விழுந்தது என்று சொல்லாமல் ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இரண்டு மெஷின்களிலும், மெஷினின் பெயரைக் காட்டும் ஹோஸ்ட்நேம் கமாண்டை ஓட்டி, வரும் பெயர்களை டெஸ்ட் கோப்புகளில் தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே மாட்டும்.

டாக்கரில் (புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மெஷின் பெயர் மாறுகிறது. (கூலிம்)

கன்டெய்னர் ஐடியின் முதல் 12 எழுத்துகள்தான் அங்கே பெயர். ஓட்டும்போது ஹோஸ்ட்நேம் ஆப்ஷனில் நீங்களே ஒரு பெயர் கொடுங்கள்.

எதிர்பார்க்கும் அவுட்புட் கோப்பில் பழைய மெஷினின் பெயர் இருக்கிறது. அதனால் புது மெஷினுக்கும் அதே பெயரை வைத்துவிட்டோம். சரிதானே? (சுங்கை சிப்புட்)

சரியில்லை. நம் ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக (வேலையாட்களை மேற்பார்ப்பவராக) இருந்தவர். செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் மாறி விழுந்ததால், நாள் முழுக்கப் பால் வெட்டிய ஆள் வேலைக்கே வராதவராகிப் போனதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். உங்கள் டெஸ்டும் அதைத்தான் செய்கிறது, புரோகிராம் செய்த வேலையைப் பார்க்காமல் அது எந்த மெஷினில் நின்றது என்று பார்க்கிறது. பழைய மெஷினும் நெட்வொர்க்கில் இருந்தால் ஒரே பெயரில் இரண்டு, அது தனித் தலைவலி.

மெஷின் பெயரைப் புரோகிராம் தானே போய்க் கேட்க விடாதீர்கள், வெளியிலிருந்து கொடுங்கள். டெஸ்டில் எப்போதும் ஒரே பொய்ப் பெயர் போகட்டும். பழைய கோடு, மாற்ற முடியாது என்றால், ஒப்பிடுவதற்கு முன் அவுட்புட்டில் உள்ள பெயரை ஒரு பொதுச் சொல்லாக மாற்றுங்கள், டொமைனோடு சேர்ந்த முழுப் பெயரை முதலில், குட்டிப் பெயரை அப்புறம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றக்கூடாது: மெஷின் பெயர் 'ஆப்' என்றிருந்தால் அவுட்புட்டில் பாதிச் சொற்கள் சிதைந்துவிடும். பெயர் வரும் இடத்தை மட்டும் தொடுங்கள்.

இன்னொன்று, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: டெஸ்ட் பாஸ் என்று பச்சை வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். நான் இருந்த ஒரு குழுவில் எல்லாரும் அப்படிப் பழகிப்போய், நிஜமான பிழை ஒன்று சிவப்பாகக் காட்டியபோதும் 'மெஷின் பெயர்தான்' என்று தள்ளிவிட்டோம். அது வாடிக்கையாளர் கைக்கே போய்விட்டது.

ஜாவாவில் சர்வர் பெயர் நல்-ஆக (null, மதிப்பே இல்லாமல்) வருகிறது. மெஷின் பெயர் பில்ட்_01. (தாப்பா)

அடிக்கோடுதான் காரணம். ஹோஸ்ட்நேமில் அதற்கு இடமில்லை, முகவரியைப் பிரித்துப் படிக்கும் ஜாவாவின் யூஆர்ஐ கிளாஸ் அதைக் கண்டால் ஹோஸ்டை நல்-ஆகத் தரும். ஹைஃபன் போடுங்கள்.

நோட்.ஜேஎஸ் (Node.js) 17-க்கு மாறியதும் லோக்கல்ஹோஸ்ட் (அதே மெஷினைக் குறிக்கும் பெயர்) டெஸ்டுகள் எல்லாம் விழுந்தன. (கூலிம்)

அந்தப் பதிப்பிலிருந்து ஐபிவி4 முகவரியை முன்னால் கொண்டுவரும் வழக்கம் போய்விட்டது, அதனால் லோக்கல்ஹோஸ்ட் ::1 என்ற ஐபிவி6 முகவரி ஆகலாம். உங்கள் சர்வர் 127.0.0.1 என்ற ஐபிவி4 முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். டெஸ்டில் 127.0.0.1 என்றே எழுதுங்கள்.

'சர்வர் இல்லை' என்ற பிழையைச் சோதிக்க வாய்க்கு வந்த பெயரைப் போடலாமா? (பீடோர்)

வேண்டாம், நாளை யாராவது அதைப் பதிவு செய்துவிடலாம். .இன்வேலிட் (.invalid) என்று முடியும் பெயர்கள் இதற்காகவே 1999-இல் ஒதுக்கப்பட்டவை.

மெஷினுக்குப் பெயர் வைக்க விதி உண்டா? (தாப்பா)

சின்ன எழுத்து, எண், ஹைஃபன், 15 எழுத்துக்குள். அதைத் தாண்டினால் விண்டோஸின் நெட்பயாஸ் பெயரில் (உள் நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் பழைய முறைப் பெயர்) வால் வெட்டுப்படும், பெரிய எழுத்தாகவும் மாறும். அடுத்த முறை லாக்கோடு எழுதுங்கள்.