மூன்று முறை ட்ரெய்னிங் கொடுத்தும் கசிவு ஏன் நிற்கவில்லை?

பயிற்சி மேலாளர் வேலை பற்றி வந்த கேள்விகளில் நான்கும், அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 வருடமாக லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். படிப்பு டிப்ளமோ மெக்கானிக்கல். ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள். வகுப்பு எடுப்பதற்கு ஒரு மேனேஜர் பதவியா என்று தயக்கமாக இருக்கிறது. போகலாமா?

தாராளமாகப் போங்கள். வகுப்பு எடுப்பது இந்த வேலையில் சிறு பங்குதான். எந்த ஸ்டேஷனில் யாருக்கு என்ன தெரிய வேண்டும் என்று கண்டுபிடிப்பது, லைனை நிறுத்தாமல் ஆட்களை வெளியே எடுப்பது, சொல்லிக்கொடுக்கத் தெரிந்த சீனியர் ஆபரேட்டர்களைத் தேடிப் பிடிப்பது, கற்றது கையில் வந்ததா என்று பிறகு போய்ப் பார்ப்பது, இதையெல்லாம் பதிவாக வைத்திருப்பது என்று மீதி எல்லாம் வகுப்புக்கு வெளியேதான் நடக்கிறது. தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001-இன் 7.2 பிரிவு ஊழியர்களின் திறனுக்குச் சான்று கேட்கிறது. எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. வருகைப் பதிவேட்டை மட்டும் நீட்டினால் ஆடிட்டர் அடுத்த கேள்வி கேட்பார்.

முதல் மாதம் ஸ்கில் மேட்ரிக்ஸில் உட்காருங்கள். எந்த ஸ்டேஷன் வேலை யாருக்கு எவ்வளவு தெரியும் என்று வட்டங்களால் காட்டும் அட்டவணை அது. கால் வட்டம் என்றால் கற்றுக்கொண்டிருக்கிறார். அரை வட்டம் என்றால் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியாக, தரத்தோடு, நேரத்துக்குள் முடிப்பார். முழு வட்டம் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவருக்கு. பல இடங்களில் ஆடிட்டுக்கு முந்தின நாள் இந்த வட்டங்களை உட்கார்ந்து நிரப்புகிறார்கள். அப்படி நிரப்பிய தாளில் எல்லாரும் முழு வட்டமாக இருப்பார்கள், ஒருவர் லீவு போட்டால் லைன் நின்றுவிடும். ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு ஷிஃப்ட்டில் முக்கால் வட்டக்காரர் இரண்டு பேராவது இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். எங்கே ஒருவர்தான் இருக்கிறாரோ, அங்கிருந்து தொடங்குங்கள். இந்தத் தாளை நேர்மையாக நிரப்ப லைன் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் 11 வருடத்தின் மதிப்பு அங்கேதான்.

அப்ரன்டிஸ்களும் (தொழில் பழகுநர்கள்) பெரும்பாலும் உங்கள் தலையில்தான் வருவார்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி, ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், மொத்த பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுக்க வேண்டும். 400 பேர் என்றால் 10 முதல் 60 பேர்.

படிப்பு வேண்டுமென்றால், வேலையில் இருந்தபடியே படிக்க இந்தியப் பயிற்சி மற்றும் மேம்பாட்டுச் சங்கத்தின் டிப்ளமோ இருக்கிறது. ஆனால் எக்செலில் கணக்குப் போடவும், ஒரு ரிஜெக்‌ஷனுக்கு எத்தனை ரூபாய் போகிறது என்று நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லவும் அதற்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ட்ரெய்னிங் பார்க்கிறேன். கேசிங் போல்ட் சரியாக முறுக்காததால் கசிவு வருகிறது என்று மூன்று முறை வகுப்பு வைத்தோம். பீட்பேக் படிவத்தில் ஐந்துக்கு 4.6 வந்தது. கசிவு மட்டும் குறையவில்லை. நான்காவது முறையும் வைக்கச் சொல்கிறார்கள்.

நான்காவது வகுப்பை இப்போதைக்கு வைக்காதீர்கள். 4.6 என்பது வகுப்பு பிடித்திருந்தது என்று மட்டும் சொல்கிறது. பயிற்சியை நான்கு நிலைகளில் அளக்க வேண்டும் என்று டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-லேயே எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு மாறியதா. நீங்கள் முதல் நிலையை அளந்துவிட்டு நான்காவது நிலையை எதிர்பார்க்கிறீர்கள். நடுவில் இரண்டு படி இருக்கிறது.

முதலில் ஒரு மாதக் கசிவுப் பதிவை ஆள் வாரியாக, ஷிஃப்ட் வாரியாக, ஸ்டேஷன் வாரியாகப் பிரியுங்கள். எல்லா ஆபரேட்டரிடமும் ஒரே அளவில் வந்தால் சந்தேகம் கேஸ்கெட் (இரண்டு பாகத்துக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் அடைப்பு) மேல், காஸ்டிங் (வார்ப்பு) முகப்பின் மேல், டூல் மேல் போக வேண்டும். புதியவர்களிடம் மட்டும் வந்தால் பயிற்சிக் குறை. ஷிஃப்ட்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் மட்டும் வந்தால் அவர்களுக்கு வேலை தெரியும். களைப்போ, டார்கெட் அவசரமோ காரணம். அதை வகுப்பால் தீர்க்க முடியாது.

அடுத்து ஒரு முழு ஷிஃப்ட் லைனில் நில்லுங்கள். இரண்டு ஸ்டேஷனுக்கு ஒரே டார்க் ரெஞ்ச்சா (குறித்த முறுக்கு அளவு, அதாவது டார்க், வந்ததும் ‘க்ளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர்)? அதன் அளவு சரியா என்று சோதித்ததைக் காட்டும் காலிபிரேஷன் ஸ்டிக்கரில் தேதி தாண்டிவிட்டதா? நிதானமாக முறுக்கி லைன் தாமதமானால் சூப்பர்வைசர் திட்டுகிறாரா? திட்டுகிறார் என்றால் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஆபரேட்டருக்கு இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகும் பயிற்சிக் குறைதான் என்று தெரிந்தால், வகுப்பறையை விட்டுவிட்டு ஸ்டேஷனிலேயே ஒருவர் ஒருவராகச் சொல்லிக்கொடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக வகுத்த டிடபிள்யூஐ (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) முறை இதற்கு இன்றும் கச்சிதமாகப் பொருந்துகிறது. தயார்ப்படுத்து, செய்து காட்டு, செய்யவிட்டுப் பார், தொடர்ந்து கவனி என்று நான்கே படி.

அதற்கு முன் ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: செய்ய வேண்டியது, கவனிக்க வேண்டியது, ஏன். உங்கள் போல்ட்டுக்கு இப்படி வரும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் இரண்டு மூன்று மரை ஏற்ற வேண்டும்; குறுக்கு மரை விழுந்தால் கையிலேயே தெரிந்துவிடும். எதிரெதிர் போல்ட்டாக முறுக்க வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டே போனால் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும். முதல் சுற்று பாதி டார்க், இரண்டாம் சுற்று முழு டார்க். ரெஞ்சைக் கைப்பிடியின் நடுவில் பிடித்துச் சீராக இழுத்து, ‘க்ளிக்’ கேட்டதும் நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு இழுப்பு இழுத்தால் அளவு தாண்டிவிடும். பலரிடம் இருப்பது இந்தக் கடைசிப் பழக்கம்தான். அக்கறையால் செய்வது என்பதால் யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை.

செய்து காட்டும்போது முதல்முறை என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை கவனிக்க வேண்டியதையும், மூன்றாம் முறை காரணத்தையும் சேருங்கள். பிறகு அதே வரிசையில் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். “புரிஞ்சதா?” என்று கேட்காதீர்கள்; “புரிஞ்சது சார்” என்றுதான் பதில் வரும். டார்க் டெஸ்டரில் 10 முறை இழுக்கச் சொல்லுங்கள். பத்தும் வரம்புக்குள் வந்தால் லைனுக்கு அனுப்பலாம். முதல் நாள் மணிக்கு ஒருமுறை, மறுநாளிலிருந்து ஷிஃப்ட்டுக்கு இரண்டு முறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை எட்டிப் பாருங்கள். 30 நாள் கழித்துக் கசிவுப் பதிவை மறுபடி பிரித்து, பழைய தாளோடு சேர்த்து மேலதிகாரி மேசையில் வையுங்கள்.

கேள்வி: திருப்பூரில் எங்கள் தையல் பிரிவில் பாதிக்கு மேல் ஒடிசா, பீகார் பிள்ளைகள். இந்தி தெரிந்த ட்ரெய்னரை வைத்தும் சரிவரவில்லை.

ஒடிசாவிலிருந்து வரும் எல்லோருக்கும் இந்தி சரளமாக வரும் என்று நினைப்பதில்தான் முதல் தவறு. தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து மெஷினில் இருப்பவரைப் பார்த்து அப்படியே செய்வார்கள்; அவர் செய்யும் தவறும் சேர்ந்தே வரும். அவர்களிலேயே முழு வட்டம் பெற்ற ஒடியாக்காரர் ஒருவரை, மாதம் ஒரு தொகை கூடுதலாகக் கொடுத்து, பயிற்றுநராக்குங்கள். சும்மா சொல்லிக்கொடுக்கச் சொன்னால் பீஸ் ரேட் சம்பளம் (தைக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி) குறையுமே, யார் முன்வருவார்? துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நல்ல தையல், கெட்ட தையல் இரண்டையும் நிஜத் துணியிலேயே தைத்து மெஷினுக்கு மேல் தொங்கவிடுங்கள். அதைப் படிக்க மொழி வேண்டாம்.

கேள்வி: மதுரையில் எம்பிஏ ஹெச்ஆர் முடித்திருக்கிறேன். “400 பேருக்கு ஆண்டுப் பயிற்சித் திட்டம் போடும்மா” என்று இன்டர்வியூவில் கேட்டார்கள். தலைப்புகளாக அடுக்கினேன், அவர்களுக்குத் திருப்தியில்லை. எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

தலைப்புக்கு முன்னால் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கு வருடம் இரண்டு நாள் என்றால் 800 ஆள்-நாள். ஒரு பேட்ச்சுக்கு 20 பேர் என்றால் 40 பயிற்சி நாள். அந்த 40 நாளும் 20 பேர் வேலையில் இருக்க மாட்டார்கள். அந்த இடத்துக்கு ரிலீவர் உண்டா, ஓவர்டைமா என்று நீங்களே கேட்டிருந்தால் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு நாட்காட்டி. மாதக் கடைசி வாரம் டெஸ்பாட்ச் நெருக்கடி, அதை விடுங்கள். பொங்கல் வாரத்தையும் தீபாவளிக்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களையும் விடுங்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவரைக் காலை வகுப்பில் உட்காரவைக்காதீர்கள்; அவர் தூங்குவார், தவறு திட்டம் போட்டவருடையது. சட்டம் கேட்பவற்றை முதலில் நிரப்புங்கள்: பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர்களுக்கான விழிப்புணர்வு நிகழ்ச்சி, தீயணைப்பு, முதலுதவி. அடுத்து ஸ்கில் மேட்ரிக்ஸ் காட்டும் ஓட்டைகள். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை எல்லாம் மிச்சமிருக்கும் நாட்களுக்கு. 40 நாளில் 32-க்குத்தான் தேதி போட வேண்டும். எட்டு நாள் காலியாக இருக்கட்டும், தள்ளிப்போகும் பேட்ச்சுகள் கட்டாயம் வரும்.